பழைய ஜீப் பிக்கப்புக்கு எந்தச் சக்கரம் மாட்டலாம்?

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். அவருடைய தாத்தா காலத்துப் பிக்கப் ஒன்று கொட்டகையில் நிற்கிறது. முன்னால் ஜீப் முகம், பின்னால் பலகை அடித்த தொட்டி. இன்ஜின் வேலை முடிந்துவிட்டது, பிரேக்கும் சரி செய்துவிட்டார். சக்கரத்தில் வந்து மாட்டிக்கொண்டார். டயர் உட்காரும் இரும்புச் சக்கரத்தைத்தான் டிஸ்க் என்கிறோம்; நாலு டிஸ்க்கில் இரண்டு துருவேறி ஓரம் உதிர்கிறது. ஸ்டெப்னி எப்போது காணாமல் போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணே, மாருதி ஜிப்சி டிஸ்க் அஞ்சு மலிவா வருது. ஓட்டை அஞ்சும் அப்படியே உக்காருது. மாட்டிரலாமா?" என்று கேட்டார்.

இதே கேள்வியோடு பண்ணைக்காட்டிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். மலைத் தோட்டங்களில் இந்த மாதிரி வண்டிகள் இன்னும் நிறைய நிற்கின்றன. அவரிடம் வாயால் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதில் எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் என் வண்டியில் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு பெரும்பாறையிலிருந்து சித்தரேவுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இடது பக்கம் 'டக் டக்' என்று சத்தம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் ஒரு நட்டைக் காணோம், இன்னொன்று விரலால் திருகினாலே சுற்றுகிறது. மிச்சம் மூன்று நட்டு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் அந்த இரண்டு ஓட்டையும் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. அதற்கு முந்தின நாள்தான் ஒரு கடையில் டயர் மாற்றியிருந்தேன். ஓட்டை ஐந்தும் சரியாகப் பொருந்திய சக்கரம் அது. ஆகவே ஓட்டை உட்காருகிறதா என்று பார்ப்பது முதல் படி மட்டும்தான். அதற்கு மேல் இன்னும் ஆறு விஷயம் பார்க்க வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

பி.சி.டி. சக்கரம் மாட்டும் அச்சு முனைதான் ஹப்; அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பிகள் ஸ்டட். அந்த ஸ்டட்டுகளின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் இது. பழைய வில்லிஸ் ஜீப்புக்கும் அந்த வழியில் வந்த பழைய மகிந்திரா ஜீப்புகளுக்கும் ஐந்து ஸ்டட், ஐந்தரை அங்குலம். அதாவது 139.7 மி.மீ. ஐந்து ஓட்டைச் சக்கரத்தில் எதிரெதிரே ஓட்டை இல்லாததால் டேப்பை நேராக வைத்து அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்டட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதை 1.701 ஆல் பெருக்குங்கள். 82 மி.மீ. சொச்சம் வந்தால் உங்களுடையது 139.7. 67 மி.மீ. வந்தால் அது 114.3, யாரோ அச்சையே மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி மாற்றிய வண்டிகள் மலையில் உண்டு. அதனால் நான்கு ஹப்பையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

நடு ஓட்டை. முன் ஹப்பின் மூடி, நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் லாக்கிங் ஹப், இதன் வழியே தாராளமாக நுழைய வேண்டும். இந்தச் சக்கரங்களை மையத்தில் நிறுத்துவது கூம்பு நட்டுதான், நடு ஓட்டை இல்லை. கொஞ்சம் பெரிதாக இருந்தால் பாதகமில்லை. இடித்தால்தான் வம்பு.

ஸ்டட்டும் நட்டும். மூன்று பேர் மாட்டி மூன்று பேரும் தவறுகிற இடம் இது. வில்லிஸ் வழி ஸ்டட் அரை அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 20 மரை. ஜிப்சியின் ஸ்டட் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. அங்குலத்துக்கு 20 என்றால் இடைவெளி 1.27 மி.மீ. ஆகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. ஆகவே பெரிய நட்டு சின்ன ஸ்டட்டின் மேல் சுகமாக ஏறிவிடும், முடுக்கினால் இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். என் வண்டியில் நடந்தது இதுதான். முன்னால் வைத்திருந்தவர் யாரோ இரண்டு ஸ்டட் உடைந்ததும் 12 மி.மீ. ஸ்டட்டை அடித்திருக்கிறார்கள். டயர் கடையில் ஐந்துக்கும் ஒரே மாதிரி நட்டை முடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். நானும் பார்க்கவில்லை.

இன்னொன்று. பழைய வில்லிஸ் வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடமரை ஸ்டட் இருக்கும். நட்டை எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பல ஸ்டட்டின் நுனியில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து குத்தியிருக்கும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி ஏறி மிதித்து ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். முறிந்த இடத்தில் வலமரை ஸ்டட் வந்திருக்கும். ஒரே ஹப்பில் இரண்டு வகையும் இருப்பது இப்படித்தான்.

நட்டின் முகத்தையும் பாருங்கள். டிஸ்க்கின் ஓட்டை கூம்பாக இருந்தால் நட்டும் கூம்பு, உருண்டையாக இருந்தால் நட்டும் உருண்டை. மாற்றிப் போட்டால் கோடு அளவுக்குத்தான் பிடிப்பு கிடைக்கும்.

அகலமும் உள்வாங்கலும். டிஸ்க்கைக் குப்புறப் போட்டு, பின் விளிம்பின் குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தை வையுங்கள். சட்டத்திலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை அளவெடுங்கள். உங்கள் பழைய டிஸ்க்குக்கும் இந்த உள்ளளவை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஜீப் டிஸ்க் நாலரை அங்குல அகலம்தான். ஆறு அங்குல டிஸ்க் வாங்கி, உள்ளளவு அதேதான் என்றால் கூடுதல் ஒன்றரை அங்குலமும் வெளியே போகும். சக்கரம் வெளியே போகப் போக ஹப் பேரிங்குக்கு நெம்புகோல் மாதிரிச் சுமை ஏறும், ஸ்டியரிங் கனக்கும், குழியில் விழுந்தால் கையில் வெட்டும். உள்ளே போனாலோ, ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது டயர் பட்டை ஸ்பிரிங்கில் உரசும். சமவெளியில் ஓட்டுபவர் கடைசிவரை திருப்புவது வண்டி நிறுத்தும்போது மட்டும்தான். நமக்குக் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதுதான் வேலை.

உயரம். 6.00-16 டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 735 மி.மீ. புது டயரின் அளவு எதுவானாலும் இதோடு ஒப்பிட வேண்டும். கணக்கு எளிது: அகலத்தை விகிதத்தால் பெருக்கி இரட்டித்து, ரிம்மின் விட்டத்தைக் கூட்டினால் போதும். 215/75R15 என்றால் அகலம் 215 மி.மீ., விகிதம் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்; 322.5 கூட்டல் 381, ஆக 703.5 மி.மீ.

சுமை. வண்டியும் சரக்கும் சேர்ந்து 2,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை பதினாறு ஏற்றினாலே சரக்கு மட்டும் 800 கிலோ. பின்னச்சில் 1,450 கிலோ விழுந்தால் ஒரு பின் சக்கரத்துக்கு 725 கிலோ. டயரின் பக்கச் சுவரில் இருக்கும் சுமை எண்ணைப் பார்க்க வேண்டும். 95 என்றால் 690 கிலோ, 100 என்றால் 800 கிலோ, 105 என்றால் 925 கிலோ. இது டயருக்கு. டிஸ்க்குக்குத் தனித் தாங்குதிறன் உண்டு. இலேசான வண்டிக்குச் செய்த டிஸ்க்கில் கனமான டயரை மாட்டினால் டிஸ்க் கனமாகிவிடாது.

டயர் கிடைப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊத்துப் பக்கம் டயர் வெடித்தால் வத்தலக்குண்டுக் கடையில் அந்த அளவு இருக்குமா? இதையும் அளவுகோலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## 1. இருக்கிற டிஸ்க்கையே சரிசெய்வது

ஹப்புக்கு ஏற்ற டிஸ்க் எது என்ற கேள்வியே இதில் எழாது. பொருத்தமும் கச்சிதமாக இருக்கும். ஆகவே முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

டயரைக் கழற்றி, மணல் அடித்துத் துருவை முழுக்க எடுத்த பிறகுதான் டிஸ்க்கின் உண்மை முகம் தெரியும். பெயிண்ட் இருக்கும்போது எல்லா டிஸ்க்கும் நன்றாகத்தான் தெரியும். மேல் துரு, ஓரத்தில் சின்ன நெளிவு, பெயிண்ட் உரிந்தது, இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. ஓட்டை நீண்டிருந்தால், ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால், வளையத்தையும் நடுத்தட்டையும் சேர்க்கும் ரிவெட்டோ பற்றவைப்போ ஆடினால், டயர் உட்காரும் இடத்தில் துரு குழித்திருந்தால், அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிடுங்கள். ஓட்டையை வெல்டிங்கில் நிரப்பித் திரும்பத் துளை போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. கூம்பின் கோணமும் ஐந்து ஓட்டையின் மையமும் திரும்ப அப்படியே வருவது கடினம். சூட்டில் இரும்பின் குணமும் மாறுகிறது. நான் செய்ய மாட்டேன்.

விரிசல் தெரிய ஒரு பழைய வழி இருக்கிறது. சுத்தம் செய்த டிஸ்க்கில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்து உலர்ந்ததும் சாக்பீஸைத் தேய்த்துப் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் தங்கிய எண்ணெய் வெள்ளையில் மெல்லிய கோடாக ஊறி வரும். இதையே சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் உள்ள ஸ்பிரே வைத்துச் செய்யும் பட்டறைகளும் உண்டு. ஐந்து ஓட்டையைச் சுற்றியும், நடுத்தட்டு வளையும் இடத்திலும் கட்டாயம் பாருங்கள்.

நெளிவைப் பார்க்க ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை அசையாமல் பிடியுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் பழைய இரும்பு டிஸ்க்கில் சகஜம். அதற்கு மேல் போனால் முன்னால் மாட்டாதீர்கள்.

வெளியே தெரியாத செலவு: ஐந்துக்கு மூன்று தேறும், இரண்டு தேறாது. எப்படியும் தேடுதல் தொடங்கும். மணல் அடித்த டிஸ்க்கை அன்றைக்கே பிரைமர் பூசாவிட்டால் கொடைக்கானல் பனியில் மறுநாள் காலை திரும்பவும் துருதான்.

## 2. பழைய ஒரிஜினலைத் தேடுவது

பழைய உதிரிபாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை எல்லோருக்கும் தெரிந்த இடம். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே போடியும் கம்பமும் இருக்கின்றன. கேரள ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் தலைமுறை தலைமுறையாக ஓடும் ஊர்கள் இவை. அங்கே ஜீப் வைத்திருப்பவர் வீட்டுக் கொல்லையில் ஒரு டிஸ்க்காவது சாய்த்து வைத்திருக்கும். காயலான்கடையில் தேடுவதற்கு முன்னால் ஜீப் ஸ்டாண்டில் நின்று விசாரியுங்கள். அங்கே கிடைக்கும் டிஸ்க் எந்த வண்டியில், எதற்காகக் கழற்றினார்கள் என்று சொல்ல ஆள் இருக்கும். காயலான்கடையில் அந்தக் கதை கிடைக்காது. எனக்கு இந்த வித்தியாசமே பெரிது.

போகும்போது கையில் வெர்னியர், உங்கள் ஹப்பின் ஸ்டட்டில் ஏறுகிற நட்டு ஒன்று, பழைய டிஸ்க்கின் உள்ளளவு எழுதிய தாள், ஒரு கம்பித் தூரிகை இருக்க வேண்டும். டயரோடு விற்கிறார்கள் என்றால் டயரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வால்வு ஓட்டைப் பக்கமும், டயர் உட்காரும் ஓரமும்தான் முதலில் துருப்பிடிக்கும். டயர் இருக்கும்போது அது தெரியாது. கழற்ற மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டாளத்து ஜீப்பிலிருந்து வந்த டிஸ்க் சில இரண்டு பாதிகளாக இருக்கும், சுற்றிலும் போல்ட் போட்டு இணைத்திருக்கும். வேறு சில பெரிய டிஸ்க்குகளில் பூட்டு வளையம் இருக்கும். உள்ளே காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டையோ வளையத்தையோ தொட்டால் உயிர் போகும். வால்வின் ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க வெளியேறிய பிறகே கை வைக்க வேண்டும். இந்த வகை பழகாத பஞ்சர் கடையில் கொடுக்காதீர்கள்.

ஒரிஜினல் பெரும்பாலும் டியூப் வகைதான். ரிவெட் அடித்த டிஸ்க்கில் டியூப்லெஸ் போடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். ரிவெட் வழியாகக் காற்றுக் கசியும். அதைவிட முக்கியம், டியூப்லெஸ் ரிம்மில் டயரின் ஓரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு மேடு இருக்கும், பழைய ரிம்மில் அது கிடையாது. காற்றுக் குறைந்த டயர் வளைவில் ரிம்மை விட்டு உள்ளே நழுவிவிடும்.

வெளியே தெரியாத செலவு: அலைச்சல். இரண்டு டிஸ்க் ஒரு ஊரில், மூன்றாவது இன்னொரு ஊரில் என்று மாதங்கள் போகும். உள்ளளவு வேறு வேறாக இருந்தால் ஒரே அச்சில் ஜோடி சேராது.

வண்டி 50 வயதைத் தாண்டியது, சொந்த உபயோகத்துக்கு மட்டும், பழமை கெடாமல் வைக்க ஆசை என்றால் இந்த வழிதான். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். கட்டணம் ரூ. 20,000. சேசிஸ், பாடி, இன்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியில் காப்பி மூட்டை ஏற்றிப் பிழைப்பு நடத்த முடியாது. ஆகவே இந்த ஆசை இருப்பவர் முதலில் வண்டியின் வேலை என்ன என்று முடிவு செய்ய வேண்டும்.

## 3. புதிய 16 அங்குல இரும்பு டிஸ்க்

பழைய ஜீப்புகளுக்கான உதிரிபாகம் இன்னும் நம் நாட்டில் செய்யப்படுகிறது. அதே 16 அங்குலம், அதே நாலரை அங்குல அகலம், அதே பி.சி.டி. என்று புது டிஸ்க் கிடைக்கும். 6.00-16 டயரும் புதிதாகக் கிடைக்கிறது. டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் இதே அளவு உண்டு என்பதால் ஒரு குழப்பமும் இருக்கிறது. மூன்று வரி போட்ட டிராக்டர் முன்டயர் வயலுக்கானது. மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். ஈரத் தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது அதன் வேறுபாடு தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை.

பழைய உயரம் மாறாது, ஸ்பீடோமீட்டர் மாறாது, பேரிங்குக்குப் புதுச் சுமை இல்லை. குறுகின சக்கரம் என்பதால் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் கொண்டை ஊசி வளைவு கைக்கு இலகுவாக இருக்கும். மண் ரோட்டில் குறுகின டயர் சேற்றை வெட்டிக் கீழே இறங்கிப் பிடிக்கும். தோட்டத்துப் பாதையில் இதன் அருமை தெரியும்.

குறை என்னவென்றால், செய்யும் இடத்துக்கு இடம் தரம் மாறுகிறது. வாங்கும்போதே கடை வாசலில் தட்டையான தரையில் வைத்து உருட்டிப் பாருங்கள். ஐந்து ஓட்டையின் கூம்பும் ஒரே ஆழமா, வளையத்தைச் சுற்றிய பற்றவைப்பு விட்டுவிட்டு இல்லாமல் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். உள் ஓரத்தில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். பிசிறு இருந்தால் அது டியூபைக் கிழிக்கும். அரம் வைத்து எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.

வெளியே தெரியாத செலவு: ஐந்து டயர், ஐந்து டியூப். பழைய டயரை மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கொட்டகையில் பத்து வருடம் நின்ற டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கச் சுவர் வெடித்திருக்கும். டயரில் நான்கு இலக்க எண் இருந்தால் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 3209 என்றால் 2009ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்தது.

## 4. பொலிரோ வகை 15 அங்குல டிஸ்க்

அதே ஐந்து ஸ்டட் வழி வந்தவை. மாடலுக்கு மாடல் மாறலாம் என்பதால் அளக்காமல் வாங்க வேண்டாம். இதன் பெரிய பலம் டயர். 215/75R15 எந்த ஊர்க் கடையிலும் இருக்கும். வத்தலக்குண்டில் இல்லாவிட்டால் திண்டுக்கல்லில் அன்றே கிடைக்கும். ரேடியல் டயர், டியூப்லெஸ் வசதி, சுமை எண் 100 உள்ளது எளிதாகக் கிடைக்கும். முள் குத்தினாலும் மெதுவாகக் காற்று இறங்கும்; மழையில், இருட்டில், லோடோடு நிற்க வேண்டியதில்லை.

விட்டம் 703.5 மி.மீ. என்பதால் சுமார் 4 சதவீதம் சின்னது. ஸ்பீடோமீட்டர் 40 காட்டினால் நிஜம் 38 சொச்சம். வண்டி 16 மி.மீ. கீழே இறங்கும். ஏற்றத்தில் இது நல்லதுகூட. சக்கரம் சின்னதானால் அதே கியரில் இழுவை கொஞ்சம் கூடும், இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பும் கூடும். சமவெளி ரோட்டில் இன்ஜின் கொஞ்சம் அதிகம் சுற்றும், டீசல் கொஞ்சம் கூடும்.

பழைய உயரமே வேண்டும் என்றால் 235/75R15 போடலாம், 733.5 மி.மீ. வரும். அதற்கு ஆறு அங்குல டிஸ்க்காவது வேண்டும், டயரும் அகலம். பழைய மட்காடுக்குள் முழுத் திருப்பத்தில் உரசுகிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிப் பார்த்த பிறகே மற்றதை வாங்குங்கள். வெறும் வண்டியில் பார்த்தால் போதாது. தொட்டியில் மூட்டை அடுக்கி, ஒரு பக்கச் சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்றி வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பிரேக் டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளியையும் பாருங்கள். 16-ஐ விட 15-ல் இடம் குறைவு. மலை இறக்கத்தில் டிரம் கொதிக்கும். காற்றோட்டம் இல்லாவிட்டால் அந்தச் சூடு ரிம்முக்கு ஏறி, டியூபின் வால்வு அடியை உருக்கும்.

வெளியே தெரியாத செலவு: ஐந்து டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் மாற்றியாக வேண்டும். முன்னால் ரேடியல், பின்னால் பழைய நைலான் டயர் என்று கலந்தால் ஈர வளைவில் வண்டியின் முன்னும் பின்னும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரே அச்சில் கலப்பது அதைவிட மோசம். எஃப்.சி.க்குப் போகும்போது சக்கரம் மட்காடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கேள்வி வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

## 5. ஜிப்சி டிஸ்க்

தம்பி கேட்டது இதைத்தான். பி.சி.டி. அதே 139.7, நடு ஓட்டை 108 மி.மீ. ஆகவே உட்காரும். அதனால்தான் இதில் இவ்வளவு பேர் விழுகிறார்கள்.

ஜிப்சி இலேசான வண்டி. அதற்கான 205/70R15 டயரின் விட்டம் 668 மி.மீ., அதாவது 9 சதவீதம் சின்னது. வண்டி 33 மி.மீ. இறங்கும். தோட்டத்துப் பாதையில் நடு மேட்டில் டிஃபரென்ஷியல் தட்டத் தொடங்கும். சுமை எண் 95 என்றால் 690 கிலோ. மேலே போட்ட கணக்கில் பின் சக்கரத்துக்கு 725 கிலோ விழுந்தது. டயரைப் பெரிதாக்கினாலும் டிஸ்க் இலேசு வண்டிக்குச் செய்ததுதான். டிஸ்க்கோடு ஜிப்சி நட்டையும் கட்டி விற்பார்கள். அது அரை அங்குல ஸ்டட்டில் ஏறாது. ஏறவில்லையே என்று ஸ்டட்டை மாற்றத் தொடங்கினால் நான் சொன்ன பழைய கதை ஆரம்பம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் இரண்டு பேர் போய்வரும் வண்டி, தொட்டியில் எதுவும் ஏற்றுவதில்லை, பழைய அரை அங்குல நட்டே கூம்பில் சரியாக அமர்கிறது என்றால் போடலாம். மூட்டை ஏற்றும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

## 6. மற்றவை

பெரிய அகல அலாய், வெளியே தள்ளி நிற்கும் வகை: பேரிங்கைத் தின்னும், ஸ்டியரிங்கை ஆட்டும். கல்லில் இடித்தால் இரும்பு நெளியும், அலாய் விரிசல் விடும். நெளிந்ததை அடித்து வீடு வந்து சேரலாம். வேறு பி.சி.டி. சக்கரத்துக்காக அடாப்டர் தட்டு வைப்பதையும், டிஸ்க்கில் புதுசாகத் துளை போடுவதையும் மலையில் லோடு ஏற்றும் வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | லோடுக்கு | டயர் கிடைப்பது | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| இருப்பதைச் சரிசெய்தல் | விரிசல் இல்லையென்றால் நன்று | 6.00-16, கிடைக்கும் | ஐந்தில் சில தேறாது | டிஸ்க் பாதிக்கு மேல் நல்லதாக இருப்பவருக்கு |
| பழைய ஒரிஜினல் | சோதித்து வாங்கினால் நன்று | 6.00-16, கிடைக்கும் | அலைச்சல், ஜோடி சேராமை | பழமை காக்க நினைப்பவருக்கு |
| புதிய 16 அங்குலம் | மிக நன்று | 6.00-16, கிடைக்கும் | ஐந்து டயர், டியூப் | தோட்டத்தில் உழைக்கும் வண்டிக்கு |
| பொலிரோ வகை 15 | நன்று | எங்கும் கிடைக்கும் | ஐந்தையும் மாற்றுவது, உரசல் சோதனை | தார் ரோட்டில் தினமும் ஓடுபவருக்கு |
| ஜிப்சி | போதாது | கிடைக்கும் | தரை இடைவெளி, நட்டு | வெறும் வண்டிக்கு மட்டும் |

## தம்பிக்குச் சொன்னது

அவருடைய வண்டி அறுவடைக் காலத்தில் வாரம் இரண்டு முறை பட்டிவீரன்பட்டிக்குக் காப்பி இறக்கும். மிச்ச நாளில் தோட்டத்துக்குள் உரமும் மிளகுக்கொடிக் கம்பும் சுமக்கும். மண் பாதை பாதி, மலை ரோடு பாதி. பவர் ஸ்டியரிங் கிடையாது. நான் சொன்னது புதிய 16 அங்குல இரும்பு டிஸ்க் ஐந்து. நல்ல நிலையில் இருக்கும் பழைய இரண்டையும் மணல் அடித்துப் பெயிண்ட் பூசிப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். போடியில் இன்னும் மூன்று கிடைத்தால், வண்டியை ஓய்வுக்கு விடும் காலத்தில் தாத்தா மாட்டிய மாதிரியே நிறுத்தலாம்.

"தினமும் வத்தலக்குண்டு போற வேலைன்னா?" என்று கேட்டார். அப்படியென்றால் பொலிரோ வகை 15-தான், யோசிக்கவே வேண்டாம் என்றேன்.

அவருடைய ஹப்பை அன்றைக்கே அளந்தோம். மூன்று ஹப்பில் எல்லாம் அரை அங்குலம். முன் இடதில் ஒரே ஒரு ஸ்டட் 12 மி.மீ. டிஸ்க் வாங்குவதற்கு முன்னால் அந்த ஒன்றை மாற்றச் சொன்னேன். இடமரை ஸ்டட் கிடைப்பது சிரமமாக இருந்தால் அந்த ஹப்பின் ஐந்தையும் வலமரைக்கு மாற்றிவிட்டு, டிரம்மில் பெயிண்டால் எழுதிவைக்க வேண்டும்.

சக்கரம் மாட்டும் நாளில் கூம்பில் பெயிண்ட் தடித்து இருக்கக் கூடாது; பெயிண்ட் நசுங்கினால் நட்டு தளரும். நட்டை நட்சத்திர வரிசையில், ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். சக்கரம் தரையில் பட்ட பிறகு கடைசி முடுக்கு. அப்புறம் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை, முதல் லோடு இறக்கியதும் ஒரு தடவை, மறு முடுக்கு. தாண்டிக்குடியிலிருந்து இறங்கும் அந்த முதல் நாளில் பெரும்பாறையில் வண்டியை நிறுத்தி, இருபது நட்டிலும் ஸ்பானரை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லியிருக்கிறேன்.